சென்னைக்குப் போய்க் கருவைத் தெரிந்தெடுக்கலாமா?

கேள்வி:

"எனக்கு வயது 31. களுவாஞ்சிகுடிப் பக்கம். அம்மாவின் சொந்தத் தம்பியின் மகனைத்தான் கட்டியிருக்கிறேன். எங்கள் மகளுக்கு ஆறு வயது. தலசீமியா மேஜர் என்ற பரம்பரை இரத்த நோய். எட்டு மாதத்தில் கண்டுபிடித்தார்கள். மூன்று நாலு கிழமைக்கு ஒருதரம் மட்டக்களப்புக்குக் கொண்டுபோய் இரத்தம் ஏற்றுகிறோம். இன்னொரு பிள்ளை வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. பயமும் இருக்கிறது.

கனடாவில் இருக்கும் அவருடைய அண்ணன், சென்னைக்குப் போய் ஐ.வி.எவ். (உடம்புக்கு வெளியே கருக்கட்டும் முறை) செய்து நோயில்லாத கருவைத் தெரிந்தெடுக்கலாம், பாதிக் காசு நான் தருகிறேன் என்கிறார். மீதிக்கு, எனக்குச் சீதனமாக வந்த படுவான்கரை வயலை விற்க வேண்டும். அங்கே ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகும் ஏஜென்ட் ஒருவர், மூத்தவளுக்கு எலும்பு மச்சை (எலும்புக்குள் இரத்தம் ஊறுகிற பகுதி) கொடுக்கப் பொருந்துகிற பிள்ளையாகவே பார்க்கலாம், ஆம்பிளைப் பிள்ளையாகவும், கொஞ்சம் வெள்ளையாகவும் பார்க்கலாம் என்கிறார். விதைநெல்லை உப்புத் தண்ணியில் போட்டுப் பதரை நீக்குகிறோமே, அதுபோலத்தானே என்கிறார் என் கணவர். மிச்சக் கருவை வீசினால் கொலை, அம்மன் பொறுக்கமாட்டா என்கிறார் மாமி. வீசாமல் அந்த மரபணுவையே திருத்த முடியாதா?

இதற்கிடையில் என் தம்பிக்கும் ஒரு மச்சாளைப் பேசியிருக்கிறார்கள். அது வேறு கதை. ஒரு விசயம்தான் என்னை நித்திரைகொள்ள விடுவதில்லை. நோயில்லாத பிள்ளையைத் தேடிப் போனால், 'உன்னைப்போல ஒருத்தி எங்களுக்கு வேண்டாம்' என்று என் மகளுக்குச் சொன்னதாக ஆகாதா?"

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆகாது. தலசீமியா இல்லாத பிள்ளை வேண்டும் என்று நினைப்பது, இருக்கிற மகளை வேண்டாம் என்று சொல்வது ஆகாது. காலையில் எழும்பி, ஏற்றுகிற இரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்பை அகற்ற, வெறும் வயிற்றில் கொடுக்கவேண்டிய அந்த மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறீர்கள். அவள் முகத்தைச் சுளித்துக் குடித்து முடித்த பிறகு, கிளாசின் அடியில் ஒட்டியிருக்கிற தூளுக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி அதையும் குடிக்க வைக்கிறீர்கள். நீங்கள் இதை எழுதவில்லை. ஆனால் இந்த நோயுள்ள பிள்ளையின் தாய்மார் செய்வது எனக்குத் தெரியும். தினமும் அந்த நோயோடு மல்லுக்கட்டுகிறவர், அது அடுத்த பிள்ளைக்கும் வரக்கூடாது என்று நினைத்தால் அதில் என்ன குற்றம்?

ஆனாலும் உங்கள் பயத்தைச் சும்மா தட்டிவிடவும் மாட்டேன். மாற்றுத்திறனாளிகளில் பலர் இதே கேள்வியை உலகம் முழுவதும் கேட்கிறார்கள்: எங்களைப் போன்றவர்கள் பிறக்காமல் பார்த்துக்கொள்வதுதான் முன்னேற்றம் என்றால், பிறந்துவிட்ட எங்களை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்? ஒரு வருடம் மே 8, உலக தலசீமியா தினத்துக்கு எங்கள் வைத்தியசாலை வாட்டில் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். தலசீமியா இல்லாத எதிர்காலம் என்று பெரிய எழுத்தில். இரத்தம் ஏறிக்கொண்டிருந்த பதினாறு வயதுப் பொடியன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, "அந்த எதிர்காலத்தில நான் எங்க இருப்பன் டொக்டர்?" என்று கேட்டான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். நோய் இல்லாமல் போகவேண்டும் என்பதும் நோயாளி இல்லாமல் போகவேண்டும் என்பதும் சுவரொட்டியில் ஒன்றுபோலத் தெரிந்தால், அதை எழுதியவர்கள்தான் கவனமாக இருந்திருக்க வேண்டும்.

வீட்டிலும் அப்படித்தான். சென்னையில் எந்தக் கருவை வைத்தார்கள் என்பது மகளைப் புண்படுத்தாது. "முதலே தெரிந்திருந்தால் இந்தக் கரைச்சல் இல்லையே" என்று யாராவது அவள் முன்னால் சொல்வது புண்படுத்தும். ஆறு வயதுப் பிள்ளைக்கு எல்லாம் கேட்கும். பஸ்சில் நித்திரைபோல இருந்தாலும் கேட்கும். ஆகவே நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்: "உனக்கு இருக்கிற வருத்தம் தம்பிக்கோ தங்கச்சிக்கோ வராமல் பார்க்கப்போகிறோம்." ஊசி குத்து வாங்குகிற பிள்ளை அதை எதிர்க்கமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, இனிக் கணக்குக்கு வருவோம். நீங்கள் இருவரும் காவிகள். உங்கள் இருவருக்கும் ஒரு சுகயீனமும் இல்லை. ஈமோகுளோபின் செய்யும் மரபணு இரண்டில் ஒன்று மட்டும் பழுது. ஒவ்வொரு முறை கருத்தரிக்கும்போதும் நாலில் ஒரு பங்கு பிள்ளைக்கு நோய் வரும், இரண்டு பங்கு உங்களைப்போலக் காவியாகும், ஒரு பங்கு பழுதே இல்லாமல் பிறக்கும். முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்குப் பயமில்லை என்று சொல்வார்கள். பொய். அடுத்த முறையும் நாலில் ஒன்றுதான், அதற்கடுத்த முறையும் அதேதான்.

சொந்தத்துக்குள் கட்டியதுதான் குற்றம் என்று அயலில் சொல்லியிருப்பார்கள். அதில் பாதி உண்மை. மட்டக்களப்பில் குடி பார்த்துத்தான் கட்டுகிறோம், ஒரே குடிக்குள் கட்டுவதில்லை. ஆனால் குடி தாய்வழியாக மட்டும் வருவது. மாமாவின் மகன் மாமியின் குடி. ஆகவே குடிக்கணக்கில் அவர் உங்களுக்கு அந்நியர். மரபணுவோ தாய்வழி தகப்பன்வழி இரண்டிலும் வரும். உங்கள் அம்மம்மாவிடமோ அம்மப்பாவிடமோ இருந்த ஒரே பழுது, அம்மா வழியாக உங்களுக்கும், மாமா வழியாக உங்கள் கணவருக்கும் வந்திருக்கக் கூடும். அதே நேரம், ஒரு சொந்தமும் இல்லாத இரண்டு காவிகள் சேர்ந்து இந்த நோயுள்ள பிள்ளையைப் பெறுவதும் நடக்கிறது. நாட்டில் காவிகள் குறைவில்லை.

இன்னொரு விசயத்தையும் மாமிக்குச் சொல்லுங்கள். இந்தப் பழுது யாருடைய பாவத்தாலும் வரவில்லை. இதைக் காவுகிறவர்களை மலேரியா அவ்வளவு கடுமையாகத் தாக்குவதில்லை. அதனால்தான் மலேரியா இருந்த நாடுகளிலெல்லாம் இந்த மரபணு தங்கியிருக்கிறது: சைப்ரஸ், மாலைதீவு, இந்தியா, இலங்கை. மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 இல்தான் எங்களுக்குச் சான்று தந்தது. குளமும் வயலும் காடுமாக இருந்த இந்தப் பக்கத்தில் முன்னோரில் சிலரைக் காப்பாற்றிய மரபணுவே, இரண்டு சேர்ந்தபோது உங்கள் மகளுக்கு வருத்தமாகிவிட்டது. மரபணுவில் நல்லது கெட்டது பிரிப்பது கேட்கும்போது இலகுவாகத்தான் இருக்கும். திருத்தும் கதைக்குப் போகும்போது இது ஞாபகத்தில் இருக்கட்டும்.

ஐ.வி.எவ். இல்லாமல் சாதாரணமாகக் கருத்தரித்து, பிறகு சோதித்துப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். பார்க்கலாம். பதினொன்று முதல் பதினான்கு கிழமைக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு என்ன செய்வது? எங்கள் தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டுடையது. தாயின் உயிரைக் காக்க என்ற ஒரு காரணத்தைத் தவிர வேறெதற்கும் கருக்கலைப்பை அது அனுமதிக்கவில்லை. ஆகவே இங்கே அந்தச் சோதனை, கதவைப் பூட்டிய பிறகு செய்தியைத் தருகிறது. கர்ப்பத்துக்கு முன்பே தெரிந்தெடுக்கும் வழியை உங்கள் கொழுந்தன் தேடிப் பிடித்திருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. அடுத்த பிள்ளைக்கு நோய் வராமல் இருக்க அந்த வழியில் போவதில் ஒழுக்கக்கேடு எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. மற்றவர்கள் வேறுவிதமாக நினைக்கிறார்கள், அதற்கும் வருகிறேன்.

முதலில், அங்கே என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் இருவரின் இரத்தத்தையும் மகளின் மாதிரியையும் எடுத்து, பழுது சரியாக எந்த இடத்தில் என்று பார்ப்பார்கள். இதற்கே சில கிழமைகள் போகும். பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் உங்களுக்கு ஹோர்மோன் ஊசி. மயக்கம் கொடுத்து முட்டைகளை எடுப்பார்கள். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு விந்தை ஊசியால் செலுத்துவார்கள். ஐந்தாம் நாள் அது நூறு நூற்றைம்பது கலங்கள் கொண்ட உருண்டையாகும். அதன் வெளிப்பக்கத்தில், பிற்காலத்தில் நஞ்சுக்கொடியாகப் போகிற பகுதியிலிருந்து ஐந்தாறு கலங்களைக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, கருவை உறைய வைப்பார்கள். ரிப்போட் வந்த பிறகுதான் கருப்பையில் வைப்பது. பத்து முட்டை எடுத்தால் ஐந்தாம் நாள்வரை வருவது மூன்று நாலு கரு என்றால் நல்ல கணக்கு. சோதனையும் நூற்றுக்கு நூறு அல்ல. நல்ல கரு என்று வைத்தாலும் உங்கள் வயதில் பாதிக்குப் பாதிதான் தங்கும். ஊசி, மயக்கம், வயிறு ஊதுவது எல்லாம் உங்களுக்குத்தான். கணவருக்கோ கொழுந்தனுக்கோ அல்ல. தீர்மானத்தில் உங்கள் சொல்லுக்குக் கூடுதல் நிறை இருப்பது நியாயம்.

மூன்று கரு கிடைத்தாலே, அதில் ஒன்றாவது நோயில்லாததாக இருப்பது ஏறக்குறைய நிச்சயம்: 64 இல் 63 பங்கு. இது நல்ல செய்தி. காவியாக இருக்கும் கருவை ஒதுக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். காவிக்கு நோயில்லை. நீங்கள் இருவரும் காவிகள்தானே, என்ன குறைந்துவிட்டீர்கள்?

இனி மாமியின் கேள்வி. அதைப் பழங்காலத்து மனுசியின் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள், உலகத்தின் பெரிய பெரிய சபைகள் முட்டிக்கொண்டு நிற்பது அதே இடத்தில்தான். கத்தோலிக்கத் திருச்சபை கருவைக் கருக்கட்டிய கணத்திலிருந்தே மனிதனுக்குரிய மதிப்போடு பார்க்கிறது, ஐ.வி.எவ். முறையையே ஏற்பதில்லை. இஸ்லாமிய அறிஞர்களில் பலர், கணவன் மனைவிக்குள் நடந்தால், கடும் நோயைத் தவிர்க்க இந்தச் சோதனையை அனுமதிக்கிறார்கள். காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ இருந்து ஒரு சகோதரி கேட்டால் தங்கள் உலமாவிடம் இதைக் கேட்டுப் பார்க்கச் சொல்வேன். எங்கள் சைவ சமயத்தில் இதற்கென்று தீர்ப்புச் சொல்ல ஒரு பீடம் இல்லை. வினைப்பயன் என்பார்கள். வினைப்பயன் என்று இரத்தம் ஏற்றாமல் விட்டோமா?

என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். ஐந்து நாள் கருவுக்கு நரம்பில்லை, வலியில்லை, அது இன்னும் பிள்ளையாகவில்லை. இயற்கையாகக் கருக்கட்டியவற்றிலும் பெரும்பங்கு தாய்க்குத் தெரியாமலே கழிந்துபோகிறது. அதனால் அதை வைக்காமல் விடுவதைக் கொலை என்று நான் சொல்லமாட்டேன். அதே நேரம் அதைக் குப்பை என்றும் சொல்ல மனம் வரவில்லை. நோயுள்ளதை என்ன செய்வது, நல்லதில் மிச்சம் இருந்தால் எத்தனை வருடம் உறைய வைப்பது, பிறகு என்ன செய்வது என்பதையெல்லாம் முட்டை எடுப்பதற்கு முன்பே இருவரும் பேசி எழுதிக் கொடுங்கள். மயக்கத்துக்குப் போகும் காலையில் படிவத்தை நீட்டி ஒப்பம் கேட்டால், அந்த இடம் சரியில்லை. இதற்குப் பிறகும் மாமி மனம் ஒப்பவில்லை என்றால், வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குப் போய் நேர்த்தி வைத்துவிட்டு வரட்டும். அது அவருக்கு ஆறுதல். தீர்மானம் உங்கள் இருவருடையது.

மகளுக்கு மச்சை கொடுக்கப் பொருந்தும் பிள்ளை என்ற கதையில்தான் நான் உங்களைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கப்போகிறேன். இது கட்டுக்கதை இல்லை. வேறொரு பரம்பரை நோய்க்காக அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டில் இப்படி ஒரு குழந்தை பிறந்தது. இந்தியாவிலும், அகமதாபாத்தில், தலசீமியா உள்ள அண்ணனுக்காகத் தெரிந்தெடுக்கப்பட்ட பெண்குழந்தை ஒன்று 2018 இல் பிறந்து, 2020 இல் அதன் மச்சையை அண்ணனுக்கு மாற்றினார்கள். பொருந்துகிற சகோதரத்திடமிருந்து, சிறு வயதிலேயே, ஈரல் கெடுமுன் மாற்றினால் பெரும்பாலானவர்களுக்குச் சுகமாகிறது. ஆனால் எல்லோருக்கும் அல்ல. சிகிச்சையில் இறந்த பிள்ளைகளும் உண்டு.

ஏஜென்ட் சொல்லாத கணக்கு இது. நோயில்லாதது நாலில் மூன்று. பொருந்துவது நாலில் ஒன்று. இரண்டும் வேறு வேறு நிறமூர்த்தங்களில் (மரபணுக்களைத் தாங்கும் இழைகளில்) இருப்பதால் இரண்டிலும் தேறுவது 16 இல் 3, அதாவது நூற்றுக்குப் பத்தொன்பது. கையில் மூன்று கரு இருந்தால், அதில் ஒன்றாவது அப்படி இருப்பதற்குப் பாதி வாய்ப்பும் இல்லை. கிடைக்கவில்லை என்றால் இன்னொரு சுற்று, இன்னொரு ஏக்கர்.

கணக்கை விடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. பிறக்கப்போகிற பிள்ளை யாருக்காகப் பிறக்கிறது? ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையின் மருந்தாகப் பெறக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அவ்வளவு கண்டிப்பில்லை. வயலைப் பார்க்க ஒரு ஆம்பிளைப் பிள்ளை வேண்டும், வயது போனால் பார்க்க ஒருத்தி வேண்டும் என்று ஆயிரம் காரணத்தோடு பிள்ளை பெறுகிற உலகம் இது. அக்காவைக் காப்பாற்றவும் வேண்டும் என்ற காரணம் அவற்றை விடக் கேவலமில்லை. நீங்களும் கணவரும் ஒரு இரவு இருந்து இதைப் பேசிப் பாருங்கள்: பொருந்துகிற கரு கிடைக்கவில்லை, ஆனால் நோயில்லாத கரு இரண்டு இருக்கிறது. வைப்பீர்களா, வீசிவிட்டு மறுபடி போவீர்களா? வைப்போம் என்று இருவரும் தயங்காமல் சொன்னால் போகலாம். வீசுவோம் என்றால், நீங்கள் தேடுவது பிள்ளையை அல்ல என்றுதான் எனக்குப் படுகிறது.

பிறகு அந்தச் சின்னதின் உடம்பு. தொப்புள்கொடி இரத்தம் எடுப்பது அதற்கு வலியில்லை. அது போதாமல் மச்சை எடுக்க வேண்டி வந்தால், மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பில் ஊசியால் பல தடவை குத்தி எடுப்பார்கள். சில நாள் நோகும், ஆபத்து மிகக் குறைவு. ஆனால் ஒன்றரை வயதுப் பிள்ளை சம்மதம் சொல்ல முடியாது. சம்மதம் சொல்கிற நீங்களோ மூத்தவளுக்கும் தாய். அப்படி ஒரு நாள் வந்தால் சின்னவருக்காக மட்டும் பேச ஒரு தனி வைத்தியர் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். இந்தியாவில் 2021 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தக் கருப் பரிசோதனை ஏற்கனவே தெரிந்த பரம்பரை நோய்களுக்கு மட்டும்தான். ஆகவே மச்சைப் பொருத்தம் பார்க்க எந்த அனுமதியின் கீழ் செய்கிறீர்கள் என்று கிளினிக்கிடம் எழுத்தில் கேட்கவும் வேண்டும்.

ஆம்பிளைப் பிள்ளை, வெள்ளைப் பிள்ளை. இதற்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். இந்தியாவில் கரு உருவாகும் முன்னரும் பின்னரும் ஆணா பெண்ணா என்று தெரிந்தெடுப்பது 1994 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் அதன் பிறகு 2003 இல் வந்த திருத்தத்தாலும் தடைசெய்யப்பட்டது. செய்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் மூன்று வருடம் வரை சிறை. சட்டத்தை மீறி அதை விற்கிற இடம், தலசீமியா ரிப்போட்டை மட்டும் நேர்மையாகத் தரும் என்று எதை வைத்து நம்புவது? வேடிக்கை என்னவென்றால், வீடும் வளவும் பெண்ணுக்குப் போகிற ஊர் இது. கல்யாணம் கட்டி ஆம்பிளைதான் பெண் வீட்டுக்கு வருகிறான். விற்கச் சொல்கிற வயலும் தாய் வழியில் உங்கள் பேருக்கு வந்தது. அந்த வயலை விற்று ஆம்பிளைப் பிள்ளை வாங்குவதா?

நிறத்தைப் பற்றி ஏஜென்ட் சொன்னது வெறும் புளுகு. தலசீமியா ஒற்றை மரபணுவின் கோளாறு. அதனால் கருவில் பார்க்க முடிகிறது. நிறம், உயரம், மூளை எல்லாம் ஏராளமான மரபணுக்கள் சேர்ந்து செய்வது. 2019 இல் 'செல்' என்ற ஆய்விதழில் வந்த கணக்கின்படி, கையிலுள்ள கருக்களில் உயரத்துக்கு மிக நல்ல மதிப்பெண் பெற்ற கருவைத் தெரிந்தெடுத்தாலும் சராசரியை விட ஏறக்குறைய 2.5 சென்ரிமீற்றர்தான் கூடும், அதுவும் நிச்சயமில்லை. அமெரிக்காவில் சில கம்பனிகள் இதையே பெரிய காசுக்கு விற்கின்றன. அங்குள்ள பணக்காரர் ஏமாறட்டும்.

உங்கள் கணவரின் விதைநெல் உதாரணம் எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் அது ஓரிடத்தில் பொருந்தவில்லை. விதைநெல்லை நாங்கள் தெரிவது எங்கள் விளைச்சலுக்காக. நெல்லின் நன்மைக்காக யாரும் தெரிவதில்லை. தலசீமியாவைத் தவிர்ப்பது பிறக்கிற பிள்ளைக்கு நன்மை: மாதா மாதம் ஊசியும், ஈரலிலும் இருதயத்திலும் இரும்பு படிவதும் அதற்கு இல்லை. நிறமும் ஆண்மையும் பிள்ளைக்கு என்ன நன்மை? அது பார்க்கிறவர்களின் கண்ணுக்கு. நான் கோடு போடுவது அங்கேதான். காது கேளாமை, குள்ளம் என்று வேறு நிலைகளைக் கேட்டால் இவ்வளவு திடமாகச் சொல்லமாட்டேன். அந்த வாழ்க்கையை வாழ்கிறவர்களிடம் முதலில் கேட்கச் சொல்வேன்.

திருத்த முடியாதா என்று கேட்டீர்கள். கருவில் திருத்திப் பிறந்த குழந்தைகள் உலகில் இருக்கிறார்கள். சீனாவில் ஹ ஜியான்குய் என்ற விஞ்ஞானி, எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க என்று ஒரு மரபணுவைக் கிறிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியால் மாற்றி இரட்டைப் பெண்குழந்தைகளைப் பிறக்க வைத்ததாக 2018 நவம்பரில் அறிவித்தார். பிறகு மூன்றாவதும் பிறந்தது. உலகமே கொதித்தது. 2019 டிசம்பரில் அவருக்கு மூன்று வருடச் சிறையும் முப்பது லட்சம் யுவான் அபராதமும் விதித்தார்கள். தகப்பனுக்குத் தொற்று இருந்தாலும் பிள்ளைக்குத் தொற்றாமல் பார்க்க விந்தைக் கழுவும் சாதாரண வழி ஏற்கனவே இருந்தது. தேவையே இல்லாத ஒன்றை அந்தப் பிள்ளைகளின் உடம்பில் செய்து பார்த்தார். அந்த மரபணு இல்லாதவர்களை வெஸ்ட் நைல் என்ற வேறொரு வைரஸ் கடுமையாகத் தாக்குகிறது. மலேரியாவை ஞாபகத்தில் வைக்கச் சொன்னேனே, இதற்குத்தான்.

கருவில் திருத்தும்போது சில கலம் திருந்தும், சில திருந்தாது. ஆய்வுகூடத்தில் செய்து பார்த்தபோது, வெட்டிய இடத்தில் முழு நிறமூர்த்தமே தொலைந்துபோன கருக்களும் உண்டு. அது 2020 இல் வெளியானது. ஐந்தாறு கலத்தைக் கிள்ளிப் பார்த்து மிச்சம் நூறும் சரி என்று சொல்ல முடியாது. பிழைத்தால் பிள்ளையோடு நிற்காது, பேரப்பிள்ளைக்கும் போகும். உங்களுக்கோ நாலு கருவில் மூன்று திருத்தாமலே நல்லது. எவராவது கருவைத் திருத்தித் தருகிறேன் என்றால் எழும்பி வந்துவிடுங்கள்.

பிறந்த பிறகு திருத்துவது வேறு. அது உங்கள் மகளுக்கான செய்தி, கவனமாக வாசியுங்கள். பிரித்தானியாவில் 2023 நவம்பரில், தலசீமியாவுக்கும் அரிவாள்கலச் சோகை என்ற இன்னொரு பரம்பரை இரத்த நோய்க்கும் 'காஸ்கேவி' என்ற சிகிச்சையை அங்கீகரித்தார்கள். நோயாளியின் சொந்த மச்சைக் கலங்களை வெளியே எடுத்து, அதே கிறிஸ்பரால் மாற்றி, குழந்தை வயிற்றில் இருந்தபோது செய்த ஈமோகுளோபினை மறுபடி செய்ய வைத்துத் திருப்பி ஏற்றுகிறார்கள். மாற்றம் அவரோடு முடிந்துவிடும், பிள்ளைகளுக்குப் போகாது. அதனால் நான் மேலே சொன்ன ஆட்சேபம் இதற்கு இல்லை. ஆனால் அப்போது அனுமதித்தது பன்னிரண்டு வயது முதல்தான், இடையில் கடும் கீமோ மருந்து உண்டு, அமெரிக்காவில் 2023 இல் அறிவித்த விலை 22 லட்சம் டொலர். எங்கள் கைக்கு எட்டாது. மகளுக்கு இப்போது ஆறு வயதுதான். இந்த வகை மருந்து என்றாவது மலிந்து வந்தால், ஈரலும் இருதயமும் கெடாமல் இருக்கிற நோயாளிக்குத்தான் அது பயன்படும். ஆகவே அந்த மாத்திரையை ஒரு நாளும் தவறவிடாதீர்கள். சென்னைப் பயணத்துக்காக ஒரு இரத்தம் ஏற்றும் திகதியையும் தள்ளிவைக்காதீர்கள்.

காசைப் பற்றி. அரச வைத்தியசாலையில் இரத்தமும் மாத்திரையும் இலவசம்தான், ஆனால் மாத்திரை தட்டுப்பாடாகும் மாதத்தில் வெளியே வாங்க வேண்டி வரும் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு அந்த வயல் தேவை. முழுவதையும் விற்காதீர்கள். கொழுந்தன் தருகிற பாதியில் எத்தனை சுற்றுச் செய்யலாம் என்று பார்த்து, அதோடு நிறுத்துவது என்று போவதற்கு முன்பே முடிவெடுங்கள். ஒரு சுற்றுத் தவறினால் மனம் கேட்காது, இன்னொரு தரம் என்று தோன்றும். அந்த நேரத்தில் எடுக்கிற முடிவு நல்லதாக இருப்பதில்லை. ஏஜென்ட் வேண்டாம். கிளினிக்கோடு நேரடியாகப் பேசுங்கள், மொழிப் பிரச்சினை இல்லையே. இன்னொரு பிள்ளையே வேண்டாம், இருக்கிறவளைப் பார்த்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தாலும் அதற்காக நீங்கள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

வேறு கதை என்று ஒரு வரியில் தள்ளிவிட்டீர்களே, தம்பியின் கல்யாணம், என்னைக் கேட்டால் கடிதத்தில் மிக அவசரமானது அதுதான். தம்பி காவியாக இருக்கப் பாதி வாய்ப்பாவது உண்டு. பேசியிருக்கிற மச்சாளும் அதே வழியில் வந்தவள் என்றால் அவளுக்கும் இருக்கலாம். இருவருக்கும் ஒரு முழுக் குருதிப் பரிசோதனை, அதில் சந்தேகம் வந்தால் எச்.பி.எல்.சி. என்ற இன்னொரு பரிசோதனை, அவ்வளவுதான். ஒருவர் மட்டும் காவி என்றால் தயங்காமல் கட்டலாம். இருவரும் என்றால், முடிவு அவர்களுடையது, தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும். சைப்ரஸ் நாட்டில் 1980களிலிருந்து இந்தப் பரிசோதனைச் சான்று இல்லாமல் தேவாலயம் கல்யாணம் செய்து வைப்பதில்லை. கட்டக்கூடாது என்று அங்கே யாரையும் தடுக்கவில்லை. தெரிந்து கட்டினார்கள், கர்ப்பத்தில் சோதித்துப் பார்த்து முடிவெடுக்கும் வழியும் அங்கே இருந்தது, நோயுடன் பிறக்கும் பிள்ளைகள் மிகச் சொற்பமாகிவிட்டார்கள். எங்களூரில் சாதகம் பார்க்கிற அன்றே இதையும் பார்த்தால், சென்னைக்கு வயல் விற்கப் போகிற அடுத்த குடும்பம் குறையும்.

மகளின் அடுத்த இரத்தத் திகதிக்குக் கணவரையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். தம்பிக்கு அங்கேயே இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் மூவரின் பழைய ரிப்போட்டுகளையும் பிரதி எடுத்து ஒரு கோவையில் போடுங்கள். எந்த ஊர்க் கிளினிக் ஆனாலும் முதலில் கேட்பது அதைத்தான். எந்த முடிவு எடுத்தாலும், பிள்ளைக்கு முயற்சி செய்கிறீர்கள் என்றால் இன்றைக்கே போலிக் அமில மாத்திரையைத் தொடங்குங்கள். இரும்புச் சத்து மாத்திரையை மட்டும், இரத்தத்தில் இரும்பு குறைவா என்று பார்க்காமல், காவி என்பதற்காக யார் தந்தாலும் விழுங்காதீர்கள்.